விகடன் தளம் திறக்கவில்லை: ரவுட்டர் கோளாறா, தடையா?

காவிரிக்கரை · 16 பிப்ரவரி 2025, மதியம் 1:40

நண்பர்களே, ஒரு சின்ன சந்தேகம். நேற்று ராத்திரி அப்பா ஹாலிலிருந்து "நெட் போச்சுடா" என்று குரல் கொடுத்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தூங்கப் போகும் முன் டேப்லெட்டில் விகடன் பார்த்தாக வேண்டும் அவருக்கு. போய்ப் பார்த்தால் யூடியூப் ஓடுகிறது, பாங்க் ஆப் திறக்கிறது, விகடன் மட்டும் வரவில்லை. ரவுட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டாயிற்று. காலையில் இணைப்பு கொடுத்த ஆளைக் கூப்பிட்டோம். வந்து பார்த்துவிட்டு, "பெட்டி பழசு சார்" என்றார். 1,200 ரூபாய்க்குப் புதுப் பெட்டி மாட்டிவிட்டுப் போனார். இப்போதும் அதே கதைதான்.

ஆனால் என் போனில் வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில் பார்த்தால் திறக்கிறது. அது வேறு கம்பெனி சிம். ஒரே வீட்டுக்குள் ஒரு வழியில் திறக்கிற தளம் இன்னொரு வழியில் எப்படித் திறக்காமல் போகும்? 1,200 போனது போகட்டும், காரணம் தெரிய வேண்டும்.

செல்லாக்காசு · 16 பிப்ரவரி, மதியம் 1:52

பெட்டிக்காரர் உங்களை நன்றாகக் கவனித்திருக்கிறார்!

கோளாறு பெட்டியில் இல்லை. அமெரிக்கா நம்மவர்களைக் கைகால்களில் விலங்கு போட்டு ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பியது அல்லவா? அதை வைத்து விகடனின் இணைய இதழான விகடன் ப்ளஸ் 10ஆம் தேதி ஒரு கார்ட்டூன் போட்டது. ட்ரம்ப் பக்கத்தில் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பது போல. பாஜகவின் அண்ணாமலை புகார் கொடுத்தார். நேற்று சாயங்காலத்திலிருந்து பல பேருக்குத் தளம் திறக்கவில்லை. தடை என்று யாரும் அறிவிக்கவில்லை. தளத்தை நடத்துகிறவர்களே வாசகர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள் போலிருக்கிறது.

குறுக்குக்கம்பி · 16 பிப்ரவரி, மதியம் 2:35

இந்த வேலையில்தான் பதினாலு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்லிவிடுகிறேன்.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். தளத்தின் பெயரைத் தட்டியதும் முதலில் நடப்பது விசாரணை. "இந்தப் பெயருக்கு எண் என்ன?" என்று உங்கள் டேப்லெட் ஒரு கவுண்டரில் கேட்கிறது. டிஎன்எஸ் என்பது அதுதான். வழக்கமாக உங்கள் நெட் கம்பெனியின் கவுண்டர்தான் பதில் சொல்லும். தடுக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தால் அந்த ஆள், "அப்படி ஒரு ஊரே கிடையாது" என்று கையை விரிப்பார், இல்லையென்றால் வேறு ஏதோ பஸ்ஸைக் கைகாட்டுவார். செலவே இல்லாத பூட்டு இது. வேறு கவுண்டரில் கேட்டால் திறந்துவிடும். கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, கூகுளின் 8.8.8.8 எல்லாம் அப்படிப்பட்ட கவுண்டர்கள்.

சில கம்பெனிகள் அந்தக் கேள்வியையும் நடுவழியில் மடக்கிப் பொய்ப் பதில் கொடுத்து அனுப்பும். அதனால் ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற அமைப்பைப் போட்டுக்கொண்டால் கேள்வியே மூடிய உறைக்குள் போகும். அங்கே 1.1.1.1 என்று எண்ணைத் தட்டினால் ஏற்காது, சேவையின் பெயரைத்தான் கேட்கும். நிறையப் பேர் இந்த இடத்தில் முட்டிக்கொண்டு, "ஒன்றும் நடக்கவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது இந்தப் பூட்டா, அடுத்த வகையா என்று பார்க்க வேண்டும். டேப்லெட்டில் என்ன பிழை வருகிறது? அட்சரம் பிசகாமல் எழுதுங்கள்.

காவிரிக்கரை · 16 பிப்ரவரி, மாலை 4:10

பிரைவேட் டிஎன்எஸ் போட்டுப் பார்த்தேன். பெயரைத்தான் தட்டினேன், எண்ணை இல்லை! பலன் இல்லை.

அப்பாவின் டேப்லெட் தமிழில் இருக்கிறது. வருகிற பிழை: "இணைப்பு மீட்டமைக்கப்பட்டது". அதனால்தான் அப்பா ரவுட்டரை மூன்று தடவை மீட்டமைத்தாராம். "அதுவே சொல்லுதே" என்கிறார்.

குறுக்குக்கம்பி · 16 பிப்ரவரி, மாலை 4:48

அப்பாவுக்கு என் வணக்கம். அந்தச் செய்தியைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

உங்களுடையது இரண்டாவது வகை. இப்போது எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ். பைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. ஆனால் பஸ் ஏறியதும் கண்டக்டரிடம் இறங்கும் ஊரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? அந்த ஒரு சொல் மட்டும் வெளியே கேட்கும்படி போகிறது. எஸ்என்ஐ என்று அதற்குப் பெயர். நெட் கம்பெனியின் பெட்டி அதை ஒட்டுக்கேட்கிறது. பட்டியலில் உள்ள பெயர் காதில் விழுந்ததும் விசில், இறக்கிவிட்டாயிற்று. அதிலும் ஒரு வேடிக்கை. "நான் இறக்கிவிட்டேன்" என்று கண்டக்டர் சொல்வதில்லை. அந்த ஊர்க்காரர்களே வர வேண்டாம் என்று சொன்னது போல ஒரு போலிச் சீட்டை உங்கள் கையில் திணிக்கிறார். 'மீட்டமைக்கப்பட்டது' என்பது அந்தச் சீட்டு.

இந்தியாவில் இந்த முறை நடப்பதை 2019இல் பெங்களூருவின் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆறு கம்பெனிகளில் 4,379 தளங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கம்பெனி தடுப்பதை இன்னொன்று தடுப்பதில்லை, தடுக்கும் முறையும் வேறு வேறு. உங்கள் வைஃபையில் மூடியிருப்பது சிம்மில் திறப்பதற்கு அதுதான் காரணம். சிம் கம்பெனிக்கு இன்னும் உத்தரவு போய்ச் சேரவில்லையோ, சேர்ந்தும் பெட்டியில் ஏற்றவில்லையோ. நாளைக்கு அதிலும் நின்றுபோகலாம்.

எனக்கு எரிச்சல் தருவது வேறு. '404' எல்லோருக்கும் தெரியும், பக்கம் இல்லை என்று பொருள். '451' என்றும் ஓர் எண் உண்டு, 2016இலேயே முறைப்படி வந்துவிட்டது. 'சட்டக் காரணத்தால் காட்டவில்லை' என்று பொருள். நம் ஊரில் அதை நான் கண்ணால் பார்த்ததில்லை. எஸ்என்ஐயில் அறுக்கும்போது பலகை வைக்கத் தொழில்நுட்ப ரீதியாக வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு பட்டியலை வெளியிட்டு வைக்கலாமே? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ், தளங்களைத் தடுப்பதற்காக 2009இல் போட்ட விதிகளில் 16ஆம் விதி, எல்லாம் ரகசியம் என்கிறது. தடுத்தது யார், ஏன் என்று சொல்லாததால்தான் உங்கள் அப்பா ரவுட்டரைச் சந்தேகப்பட்டார். அந்த 1,200 ரூபாயை நான் தணிக்கைச் செலவில்தான் எழுதுவேன்.

மூன்றாம் பெஞ்ச் · 16 பிப்ரவரி, மாலை 5:30

அப்படியென்றால் அந்த ஊர்ப் பெயரையும் மூடி அனுப்ப முடியாதா?

குறுக்குக்கம்பி · 16 பிப்ரவரி, மாலை 5:41

முடியும். ஈசிஎச் என்று ஒரு முறை வந்திருக்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் 2023 முதல் இருக்கிறது. ஆனால் தளத்தின் பக்கமும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ரஷ்யா போன நவம்பரில் கிளவுட்ஃப்ளேர் வழியாக வரும் ஈசிஎச் இணைப்புகளையே மொத்தமாக மறிக்க ஆரம்பித்துவிட்டது. ஊர்ப் பெயரைச் சொல்லாமல் ஏறுகிறவனையே ஏற்ற மாட்டேன் என்கிற கண்டக்டர்!

விபிஎன் அடுத்த படி. கண்டக்டரிடம் கரூர் என்று டிக்கெட் வாங்குகிறீர்கள். கரூரில் இறங்கி வேறு வண்டி ஏறி எங்கே போனீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டாவது வண்டிக்காரருக்கு எல்லாம் தெரியும். அதை மறந்துவிட வேண்டாம்.

பழைய பஞ்சாங்கம் · 16 பிப்ரவரி, இரவு 8:05

இதெல்லாம் இன்று நேற்று வந்ததில்லை. 2012 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? '3' படத்தைத் திருட்டுத்தனமாகப் போடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாத ஆட்கள் மீது ஓர் உத்தரவு வாங்கினார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு சில நெட் கம்பெனிகள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் என்று தளங்களை முழுசாகவே மூடிவிட்டன. நான் அப்போது ஒரு குறும்படம் எடுத்து விமியோவில் ஏற்றி வைத்திருந்தேன். போட்டிக்கு அனுப்பிய சுட்டி நடுவர்களுக்கே திறக்கவில்லை. ஜூனில் நீதிமன்றமே, குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

இப்போதும் அதேதான். ஒரு கார்ட்டூனுக்காக ஒரு பத்திரிகையின் மொத்தத் தளம்.

ஷார்ஜா செல்வம் · 16 பிப்ரவரி, இரவு 10:20

உங்களுக்கு ஒரு பத்திரிகை திறக்கவில்லை. எங்களுக்குப் பொண்டாட்டி பிள்ளையோடு பேசவே வழியில்லை. இங்கே அமீரகத்தில் வாட்ஸப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், கால் மட்டும் போகாது. மணி அடிக்கும், எடுப்பார்கள், சத்தம் வராது. புதிதாக வந்தவன் ஒரு வாரம் தன் போனைத் திட்டிக்கொண்டே இருப்பான், உங்கள் அப்பா ரவுட்டரைத் திட்டியது போலத்தான்.

அனுமதி பெற்ற செயலிகள் உண்டு. போட்டிம் எங்கள் ரூமில் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் அதை ஊரில் இருக்கிற அம்மாவின் போனிலும் ஏற்றிக் கொடுக்க வேண்டுமே. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் யார் ஏற்றித் தருவார்கள்? 2019இல் டோடாக் என்று ஒன்று வந்தது. இலவசம், வீடியோ கால் அருமையாகப் போனது. எல்லோரும் ஓடிப் போய் ஏற்றினோம். அந்த வருஷம் டிசம்பரில் அது வேவு பார்க்கும் கருவி என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கூகுளும் ஆப்பிளும் தூக்கிவிட்டன. தடையில் எதுவும் சும்மா திறந்தால் எனக்கு இப்போது முதலில் பயம்தான் வரும்.

விபிஎன் போடுகிறவர்கள் நிறைய. ஆனால் 2021இன் சைபர் சட்டத்தில், ஐபி முகவரியை (நம் இணைப்பின் அடையாள எண்ணை) மறைத்துக் குற்றம் செய்தால் அபராதம் 5 லட்சத்திலிருந்து 20 லட்சம் திர்ஹாம் வரை, சிறையும் உண்டு. வீட்டுக்குப் பேசுவது குற்றமா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என் சம்பளம் 1,800 திர்ஹாம். நான் பரிசோதனை செய்து பார்க்கத் தயாரில்லை.

அதனால் வாய்ஸ் நோட்தான். அவள் இரண்டு நிமிஷம் பேசி அனுப்புவாள், நான் வேலை இடைவெளியில் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் பேசி அனுப்புவேன். எட்டு வருஷமாக இப்படித்தான் குடும்பம் ஓடுகிறது. ஒரு நன்மை, சண்டை சூடு பிடிக்காது.

வெள்ளவத்தைக்காரன் · 17 பிப்ரவரி, காலை 7:15

செல்வம் அண்ணை எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். எங்களுக்கும் இது பழகிய கதை.

2007 ஜூனில் இலங்கையில் தமிழ்நெட் என்ற செய்தித் தளத்தை மறித்தார்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறின பிறகுதான் மறியலை எடுத்தார்கள். அந்த நாட்களில் என்னைப் போன்றவர்களுக்கு விபிஎன் என்ற சொல்லே தெரியாது. ப்ராக்ஸி தளங்களை, அதாவது நமக்குப் பதிலாகப் பக்கத்தை எடுத்துத் தருகிற இடைத் தளங்களை, தேடிப் பிடித்து அதற்குள்ளால் போவோம். இன்றைக்கு வேலை செய்கிற ப்ராக்ஸி நாளைக்கு இராது. எனக்கு உண்மையில் கைகொடுத்தது கனடாவில் இருக்கிற மாமாதான். ஒவ்வொரு நாளும் விடிய முதல் செய்தியை அப்படியே வெட்டி மின்னஞ்சலில் ஒட்டி அனுப்புவார். பொருள் என்ற இடத்தில் 'கல்யாண விசயம்' என்று போட்டிருக்கும். எட்டு வருசமாக யாருக்குக் கல்யாணம் என்று எவரும் கேட்கவில்லை.

2018 மார்ச்சில் கண்டி, திகனைப் பக்கம் முஸ்லிம் சனங்களின் கடைகளையும் வீடுகளையும் எரித்தபோது முகநூல், வாட்ஸப், வைபர், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றையும் ஒரு கிழமை அளவில் நிறுத்தினார்கள். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. அன்றைக்கே திரும்பவும் மறியல், அந்த மாதம் 30ஆம் திகதி வரைக்கும். அம்மா வடமராட்சியில் தனிய. அம்மாவுக்குப் போன் என்றால் வைபர்தான், வேறொன்றும் தெரியாது. ரொறன்ரோவிலிருந்து அக்கா வைபரில் எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு அழத் தொடங்கிவிட்டா. நான் கொழும்பில் இருந்து சாதாரண இலக்கத்துக்கு அழைத்து, "அம்மா சுகமாக இருக்கிறா" என்று அக்காவுக்கு எஸ்எம்எஸ் போட்டேன். இருபது வருசத்துக்கு முந்தின தொழில்நுட்பம்தான் அன்றைக்கு நின்று பிடித்தது.

பிறகு எல்லோரும் விபிஎன் போட்டார்கள். முச்சக்கரவண்டிக்காரர் எனக்குப் போட்டுத் தந்தார் என்றால் பாருங்கள். நெதர்லாந்து வழியாக விட்டதால் விளம்பரமெல்லாம் டச்சு மொழியில் வந்தது. டேட்டா தண்ணீர் மாதிரிப் போனது.

2022 ஏப்ரல் 3 தான் உச்சம். அப்போதைய சனாதிபதி கோட்டாபயவுக்கு எதிராகச் சனம் திரளப் போகுது என்று ஊரடங்கு போட்டு, நள்ளிரவுக்குப் பிறகு எல்லாவற்றையும் மூடினார்கள். பகலில் அவருடைய அமைச்சரவையில் இருந்த, சொந்த அண்ணன் மகன் நாமல் ராஜபக்ச, தான் இதை ஆதரிக்கவில்லை என்றும் தானும் விபிஎன் மூலம்தான் எழுதுவதாகவும் இப்படியான தடைகளால் பிரயோசனமே இல்லை என்றும் ட்விட்டரில் போட்டார். பின்னேரம் திறந்துவிட்டார்கள்.

அரசமரத்தடி · 17 பிப்ரவரி, காலை 9:40

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். விகடன் விஷயம் தப்பு, சரி. ஆனால் திகனையில் என்ன நடந்தது? சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்து கொடுக்கிறார்கள் என்று அம்பாறையில் ஒரு வதந்தி, முகநூலில் காட்டுத்தீ மாதிரிப் போய், கடைகளை அடித்து நொறுக்கினார்கள். அதற்கு அடுத்த வாரமே கண்டி. அந்த நேரத்தில் நிறுத்தாமல் வேறு என்ன செய்வது? ஒரு கும்பல் கூடுவதற்கு ஒரு வாட்ஸப் குழு போதும். உயிர் போவதை விட நாலு நாள் வாட்ஸப் போவது பெரிதா?

வெள்ளவத்தைக்காரன் · 17 பிப்ரவரி, மதியம் 12:55

நியாயமான கேள்வி. முதல் இரவில் அது சிலரை மந்தப்படுத்தி இருக்கலாம், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த நேரம் கண்டியில் இருந்திருந்தால் நானே, "மறித்துத் தொலையுங்கோ" என்று சொல்லி இருப்பேன்.

ஆனால் நான் பார்த்தது இது. வெறுப்பை எழுதுகிறவன்தான் முதலில் விபிஎன் போட்டான், அவனுக்கு அது தொழில். மாட்டுப்பட்டது என்ர அம்மா மாதிரி ஆட்கள். அதோடு, "அங்கே எரிக்கிறான்கள், இந்தப் பாதையால் வராதே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதும் அதே வாட்ஸப்பில்தான். அதுவும் நின்றது. அந்தப் பதிவுகளைப் பற்றி முகநூலுக்கு முன்னமே எத்தனையோ பேர் முறைப்பாடு செய்திருந்தார்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஆட்கள் அங்கே போதவில்லை. இரண்டு வருசத்துக்குப் பிறகு, 2020இல்தான் அவர்கள் தங்கள் பிழைக்கு வருத்தம் தெரிவித்தார்கள்.

அரசமரத்தடி · 17 பிப்ரவரி, மதியம் 1:20

பாதை சொல்வதும் நின்றது என்பதை நான் யோசிக்கவில்லை. இருந்தாலும் அந்த முதல் இரவைப் பற்றி என் கருத்து மாறவில்லை.

முத்துநகர் · 17 பிப்ரவரி, மாலை 6:30

தூத்துக்குடி பற்றி யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன்.

2018 மே 22 துப்பாக்கிச் சூடு. 13 பேர் செத்தார்கள். மறுநாள் ராத்திரி தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் நெட் கட். எங்கள் தெருவில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் ஜி.எச்.சில் இருக்கிறார்கள் என்று தெரிய நடந்துதான் போனோம். டிவியில் ஒன்று சொல்வான், தெருமுனையில் ஒன்று சொல்வார்கள்.

அந்த வருஷம்தான் இன்ஜினியரிங் கலந்தாய்வை முதல் தடவையாக ஆன்லைனில் வைத்தார்கள். மே கடைசி வரைக்கும் பதிவு. தங்கச்சிக்குப் பதிவு போட வேண்டும். ஓடிபி வரும், பக்கம் வராது. மூன்றாவது நாள் அவளைப் பின்னால் உட்கார வைத்து பைக்கில் எட்டயபுரம் தாண்டிப் போனேன். விருதுநகர் மாவட்ட எல்லையைக் கடந்து பந்தல்குடி பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். சட்டைப் பையில் போன் ஒரு நிமிஷம் நிற்காமல் நடுங்கியது. மூன்று நாள் செய்தியும் ஒரே மூச்சில் இறங்குகிறது. முதலில் திறந்த படத்தை இன்னும் மறக்க முடியவில்லை, அதை இங்கே எழுத மாட்டேன். தங்கச்சி பெஞ்சில் உட்கார்ந்து ஃபாரத்தைப் போட்டாள். டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. "தூத்துக்குடியா?" என்று மட்டும் கேட்டார்.

விபிஎன், டிஎன்எஸ் எல்லாம் சொல்கிறீர்கள். எங்களுக்குக் கிடைத்த ஒரே வழி பெட்ரோல்.

குறுக்குக்கம்பி · 17 பிப்ரவரி, இரவு 9:10

முத்துநகர், இதற்குப் பதில் எழுதக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆமாம், பஸ்ஸே ஓடாதபோது கண்டக்டரை ஏமாற்றும் வித்தையால் என்ன பயன்? எல்லையைத் தாண்டுவது, எல்லைக்கு அந்தப் பக்கத்து டவர் கிடைக்கும் மாடியைத் தேடுவது, வெளிநாட்டு சிம், காசிருந்தால் சாட்டிலைட். பக்கத்தில் இருக்கிறவர்களுக்குள் மட்டும் புளூடூத் வழியாகச் செய்தி கடத்தும் செயலிகள் உண்டு. ஹாங்காங்கில் 2019 போராட்டத்தில் பிரிட்ஜ்ஃபை என்ற ஒன்றைப் பயன்படுத்தினார்கள். பிற்பாடு ஆய்வாளர்கள் அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கூட்டம் நெருக்கமாக இருந்தால்தான் அது ஓடும், ஊரடங்கில் ஆளுக்கு ஒரு வீட்டில் அடைந்து கிடந்தால் ஓடாது.

காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 5 முதல் எல்லாம் கட். 2020 ஜனவரியில் 2ஜி கொடுத்தார்கள், அதுவும் தலைகீழாக. எது மூடியது என்று பட்டியல் இல்லை, எது திறந்திருக்கும் என்றுதான் பட்டியல். ஜனவரி 24 அன்று 301 தளங்கள். அந்த 2ஜியிலும் மக்கள் விபிஎன் போட்டார்கள். பிப்ரவரியில் போலீஸ் வழக்குப் பதிந்தது. 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரி 5 அன்று. நடுவில் 2020 ஜனவரி 10, காஷ்மீர் பத்திரிகையாளர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், நெட்டை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி நிறுத்தக்கூடாது என்று சொன்னது. அதற்குப் பிறகும் நிறுத்தப்படும் நெட்டுக்கு உத்தரவைத் தேடினால் பல நேரம் கிடைப்பதில்லை.

மூன்றாம் பெஞ்ச் · 18 பிப்ரவரி, மாலை 4:15

கொஞ்சம் சின்னக் கேள்வி. எங்கள் ஹாஸ்டலில் எல்லோரும் ஓர் இலவச விபிஎன் வைத்திருக்கிறார்கள். போடலாமா? இந்தியாவில் விபிஎன் சட்டப்படி குற்றமா?

குறுக்குக்கம்பி · 18 பிப்ரவரி, மாலை 5:02

குற்றம் இல்லை. ஆனால் சில மாவட்டங்களில் தற்காலிகமாகத் தடை போட்டிருக்கிறார்கள், அந்த ஊரில் இருந்தால் கவனம். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நடத்துகிறவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி எல்லாம் ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. பெரிய கம்பெனிகள் பல தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து கழற்றிக்கொண்டு போய்விட்டன. அவற்றில் 'இந்தியா' என்று காட்டுவது சிங்கப்பூரில் இருக்கலாம்.

இலவசம் பற்றி இரண்டு பழைய கதை. ஹோலா என்ற இலவச விபிஎன், உங்கள் இணைப்பையே மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டது. 2015இல் அம்பலமானது. எவனோ செய்கிற வேலை உங்கள் வீட்டு முகவரியிலிருந்து போகும். இன்னொன்று ஓனாவோ. பாதுகாப்பு என்று சொல்லிக் கொடுத்தது பேஸ்புக், அதை வைத்து நீங்கள் வேறு எந்தச் செயலியை எவ்வளவு நேரம் திறக்கிறீர்கள் என்று பார்த்தது. 2018இல் ஆப்பிள் தன் கடையிலிருந்து வெளியேற்றியது. இலவசத்தில் ஓரளவு நம்பலாம் என்றால் புரோட்டானின் இலவசத் திட்டம். காசு கொடுக்கிறவர்கள் அந்தச் செலவைத் தாங்குகிறார்கள். செய்தி படிக்க மட்டும் என்றால் டோர் உலாவியே போதும், மெதுவாக இருக்கும். பாங்க் வேலையை அதில் செய்யாதே.

நிர்வாகி · 18 பிப்ரவரி, மாலை 6:00

யாரும் ஏபிகே கோப்பு (கடைக்கு வெளியே நேரடியாக ஏற்றும் செயலி), மோட் செய்த, அதாவது யாரோ மாற்றியமைத்த விபிஎன் எதையும் இங்கே ஒட்ட வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். (என்ன நீக்கினேன், ஏன் நீக்கினேன் என்று சொல்லிவிட்டேன், பார்த்தீர்களா!)

சென்ஜென் சுப்பு · 19 பிப்ரவரி, காலை 6:50

சீனாவிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு, யாராவது வேலைக்கு வருவதாக இருந்தால் உதவும். விபிஎன்னை ஊரிலேயே ஏற்றிக்கொண்டு வாருங்கள். இங்கே வந்து இறக்கலாம் என்றால் கூகுள் கடை கிடையாது, ஆப்பிள் கடையிலும் 2017இல் விபிஎன்களை எடுத்துவிட்டார்கள். ஏற்றிக்கொண்டு வந்ததும் சில சமயம் ஓடாது. ஓடுகிற வண்டியின் நடையை வைத்தே இது விபிஎன் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

ஆனால் இந்திய சிம்மை ரோமிங்கில் போட்டால் கூகுள், வாட்ஸப் எல்லாம் தானாகத் திறக்கும். ரோமிங் டேட்டா சீனச் சுவரில் முட்டாமல் நேரே நம் கம்பெனிக்குப் போய் அங்கிருந்துதான் வெளியே போகிறது. காசுதான் கரியாகும். முதல் மாதம் நான் கட்டிய ரோமிங் பில்லை மனைவிக்கு இன்னும் காட்டவில்லை.

அப்புறம் ஒரு விசித்திரம். அப்படிப் போனால் இந்தியத் தடைகள் ஒட்டிக்கொள்ளும். இங்கே ஓட்டல் வைஃபையில் டிக்டாக்கின் சீன வடிவம் ஓடுகிறது, கூகுள் திறக்காது. அதே போனில் இந்திய சிம்முக்கு மாறினால் கூகுள் திறக்கும், டிக்டாக் திறக்காது. விகடன் நேற்று ரோமிங்கில் வரவில்லை.

காவிரிக்கரை · 21 பிப்ரவரி, இரவு 9:30

குறுக்குக்கம்பி சொன்னது சரி. என் சிம்மிலும் இன்று நின்றுவிட்டது, அதே 'மீட்டமைக்கப்பட்டது'. டேப்லெட்டில் விபிஎன் போட்டுக் கொடுத்தேன். அப்பா ஒரு நாள் பார்த்தார். மறுநாள், "எடுத்துடு" என்றார். ஏன் என்று கேட்டேன். "நான் சந்தா கட்டிப் படிக்கிற பத்திரிகை. அதைச் சுவர் ஏறிக் குதிச்சுப் படிக்கணுமா?" என்கிறார். அச்சு இதழே போதும் என்று சொல்லிவிட்டார். இத்தனை பேர் இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் ஆள் கடையில் போய் வாங்கி வந்துவிட்டார்.

செல்லாக்காசு · 6 மார்ச் 2025, மாலை 5:20

உயர் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு வந்துவிட்டது. நீதிபதி பரத சக்கரவர்த்தி. அந்தக் கார்ட்டூன் பக்கத்தை இப்போதைக்கு விகடன் எடுக்க வேண்டும், எடுத்ததும் தடையை நீக்க வேண்டும். ஒரு பக்கத்துக்காக மொத்தத் தளத்தையும் மூடி வைப்பது தேவையில்லை என்பதுதான் சாரம். 2012இல் இதே நீதிமன்றம் சொன்னதுதான், பஞ்சாங்கம் ஐயா.

பழைய பஞ்சாங்கம் · 6 மார்ச், மாலை 6:02

பதின்மூன்று வருஷம் கழித்து. ஆனாலும் கார்ட்டூனை எடு என்பதும் தணிக்கைதானே? வழக்கு முடியட்டும், பார்க்கலாம்.

காவிரிக்கரை · 15 மார்ச், இரவு 8:45

எங்கள் வீட்டு வைஃபையில் திறந்துவிட்டது. டேப்லெட்டில் விபிஎன் எதுவும் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் அந்தக் கார்ட்டூனைத் தேடினார், இல்லை. இத்தனை நாளில் அவர் அதைப் பார்க்கவே இல்லையாம்.

"என் குடும்ப வாட்ஸப் குழுவிலேயே ஆறு தடவை வந்துச்சுப்பா" என்று என் போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "கோடு நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அப்புறம் அந்தப் பழைய ரவுட்டரை என்ன செய்தோம் என்று கேட்டார். பெட்டிக்காரர், "வேஸ்டு சார்" என்று சொல்லி எடுத்துப் போனார் என்றேன். நாளைக்கு அவர் கடைக்குப் போகிறோம்.